வெள்ளிக் கலியாணத்துக்கு இரண்டு சைக்கிள்

எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் நிறைய இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதற்குள் இவரின் அக்கா கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து தொலைபேசி எடுத்துவிட்டார்.

"மண்டபம் எடுத்தாச்சோ? கடைசி நேரத்திலை ஓடித் திரியேலாது கண்டீரோ. முந்நூறு பேருக்குக் குறையாமல் வருவினம். சாரி என்ன கலர்?"

"இன்னும் யோசிக்கேல்லை மச்சாள்" என்றேன்.

டென்மார்க்கில் வெள்ளிக் கலியாணம் பெரிய விஷயம். டெனிஷ்காரர் வீட்டில் என்றால் அயலவர்கள் விடியக் காலையில் வந்து வாசலில் இலைதழையால் வளைவு கட்டிப் பாட்டுப் பாடுவார்கள். எல்லோருக்கும் காலைச் சாப்பாடு கொடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. இங்குள்ள தமிழர் நாங்கள் அதை எடுத்து எங்கள் கணக்குக்குப் பெருப்பித்துவிட்டோம். மண்டபம், மேடை, பொன்னிறக் கதிரை இரண்டு, மூன்று உடுப்பு மாற்றம், வீடியோக்காரர். நான் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக் கலியாணத்துக்குப் போயிருக்கிறேன். மேடையில் இருக்கிற சோடி ஒன்றாவது தங்களுக்குள் ஒரு வார்த்தை கதைத்து நான் கண்டதில்லை. வரிசையில் வருகிற ஆட்களோடு நின்று சிரிப்பதற்கே நேரம் சரி.

நான் ரண்டர்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அந்தக் கிழமை கோப்பி குடிக்கும் நேரத்தில், என்னோடு வேலை செய்கிற டெனிஷ்காரி தன் போனை நீட்டிப் படம் ஒன்றைக் காட்டினாள். இத்தாலியில், தொஸ்கானாவில் ஒரு பழைய ஊரின் கல் வாசலுக்கு முன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள். முகம் தக்காளி மாதிரிச் சிவந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. பதினொரு வருஷம் ஒரே பகுதியில் வேலை செய்கிறோம். அவள் அப்படிச் சிரித்து நான் ஒருநாளும் பார்க்கவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள் வேறு.

"கஷ்டமில்லையா?" என்று கேட்டேன்.

"மேலே ஏறும்போது அழுகை வரும். இறங்கும்போது அது மறந்துபோகும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது இவர் முற்றத்தில் காருக்குக் குளிர்கால ரயர் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, எனக்கு மண்டபம் வேண்டாம்."

"அப்ப வீட்டிலையோ செய்யிறது?"

"வீட்டிலையும் வேண்டாம். இத்தாலிக்குப் போய் ஒரு கிழமை சைக்கிள் ஓடுவம்."

நட்டு முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் ஓடுறது?"

"நாங்கள்தான்."

"அங்கை முழுக்க மலையெல்லே?"

"ஓம்."

திரும்பக் குனிந்து இரண்டு நட்டு முறுக்கினார். "மண்டபம் எண்டால் நான் கோட்டுப் போடோணும், என்ன?"

"முதல் கோட்டு. பிறகு வேட்டி. கேக் வெட்டேக்கை திரும்பக் கோட்டு."

மூன்றாவது நட்டையும் முறுக்கிவிட்டு, "சைக்கிள் பரவாயில்லை" என்றார்.

மச்சாளுக்கு இதைச் சொன்னபோது திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "ரெண்டு பேருக்கும் சுகமில்லையோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார்.

"கதைக்கட்டும் மச்சாள். நாங்கள் அங்கை நிண்டால் எங்களுக்குக் கேக்காது."

சைக்கிள் எங்களுக்குப் புதிதில்லை. இவர் வெயிலோ பனியோ தொழிற்சாலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறார். நான் போரால் பெற்றோல் இல்லாத காலத்து யாழ்ப்பாணத்தில் படித்தவள். பள்ளிக்கூடம், ரியூஷன், ஆஸ்பத்திரி எல்லாம் சைக்கிளில்தான். ஆனால் யாழ்ப்பாணம் தட்டை. பாலத்தில் ஏறி இறங்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த மேடு. டென்மார்க்கிலும் மலை கிடையாது. அதற்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. போகும்போது முகத்தில் அடிக்கும். வரும்போது திரும்பி நின்று அதே முகத்தில் அடிக்கும்.

அதனால் பங்குனி மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மொல்ஸ் குன்றுகளுக்குப் போனோம். புல்லும் செம்மறியாடும் நிறைந்த மேடுகள். எங்களுக்கு அவை இமயமலை. முதல் ஞாயிறு நான் பாதியில் இறங்கிப் புல்லில் குந்திவிட்டேன். ஓல்போர்க்கில் படிக்கிற மகள் அன்று எங்களோடு வந்திருந்தாள். மூச்சு வாங்காமல் மேலே போய் நின்றுகொண்டு, "அம்மா, இது மலையே இல்லை" என்று டெனிஷில் கத்தினாள். கீழே இறங்கி வந்ததும் அதே டெனிஷில் ஒரு தீர்ப்பும் சொன்னாள். இத்தாலியில் இரண்டு பேரும் மின்சார சைக்கிள்தான் எடுக்க வேண்டும்.

"மோட்டர் பூட்டினது சைக்கிளே?" என்றார் இவர். "அம்மா வேணுமெண்டால் எடுக்கட்டும். எனக்குக் கால் இருக்கு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு எனக்கு மட்டும் மின்சார சைக்கிள் பதிவு செய்தாள். கூடவே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்றும் வாங்கி அனுப்பினாள். பிள்ளைத்துணி கட்டிய குழந்தை மாதிரி இருந்தது. நாற்பத்தொன்பது வயது வரை முழங்காலுக்கு மேல் வெளிச்சம் காட்டாதவள் நான். கண்ணாடிக்கு முன் நின்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒரு நீளச் சட்டையைப் போட்டேன். இவர் அறைக்குள் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

வைகாசி கடைசியில் சியேனாவில் போய் இறங்கினோம். சைக்கிள் கொடுக்கும் இடத்து இளைஞன் என் சைக்கிளின் கைபிடியில் இருந்த பொத்தானைக் காட்டி, நான்கு வேகம் இருக்கிறது, பற்றரியைப் பார்த்துப் பாவியுங்கள் என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினான். பெட்டிகளை அவர்களே விடுதிக்கு விடுதி வான் வண்டியில் கொண்டுபோய் வைப்பார்கள். நாங்கள் போனில் இருக்கும் பாதையைப் பார்த்து ஓடினால் போதும். ஏழு நாளில் லூக்கா என்கிற நகரத்தில் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதல் ஏற்றத்திலேயே நான் நாலாம் எண்ணை அமத்தினேன். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. நான் சும்மா பெடலில் காலை வைத்திருக்கிறேன், சைக்கிள் போகிறது. "ஐயோ" என்று கத்திச் சிரித்தேன். பின்னால் பார்த்தால் இவர் இல்லை.

மேட்டின் முடிவில் பெரிய மரம் ஒன்றின் கீழ் நிறுத்தினேன். கீழே பாதை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. பச்சைக் கோதுமைக்கு நடுவில் சிவப்புப் பொப்பிப் பூக்கள். எங்கிருந்தோ மஞ்சள் பூப் புதர் ஒன்றின் வாசனை தேன் மாதிரி வந்தது. நான் அப்பிள் ஒன்றை எடுத்துக் கடித்தேன். இரண்டாவது வளைவில் இவரின் நீலத் தலைக்கவசம் தெரிந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.

நான் கலியாணத்துக்காகக் கொப்பன்ஹேகனில் வந்து இறங்கிய நாளில், இவர் என் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மெல்லிய செருப்போடு குளிரில் பின்னால் ஓடினேன். அதற்குப் பிறகும் இவருக்குத்தான் பாதை தெரியும், பாஷை தெரியும், அரசாங்கக் கடிதம் வாசிக்கத் தெரியும். நான் டெனிஷ் படித்து, வேலை எடுத்து, கார் ஓட்டப் பழகிய பிறகும் தெருவில் நடக்கும்போது இவர் இரண்டடி முன்னால்தான். குறையாகச் சொல்லவில்லை. அது இரண்டு பேருக்கும் பழகிப்போயிருந்தது. இப்போது நான் நிழலில் இருந்து அப்பிள் தின்றுகொண்டு இவரைப் பார்த்துக் காத்திருக்கிறேன். அது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

வந்து சேர்ந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு, "நீர் போம். நான் படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார்.

போன் இரண்டும் என் பையில் இருந்தன. மிச்ச அப்பிளை நீட்டினேன்.

அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் மலையின் உச்சந்தலையில் இருக்கின்றன. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் கட்டிய கல் வீடுகள், சுற்றிவர மதில், நடுவில் கோபுரங்கள். தூரத்தில் பார்க்கும்போது யாரோ அடுக்கிவைத்த மாதிரி அழகாக இருக்கும். கிட்டப் போகப் போகத்தான் விஷயம் விளங்கும். நாள் முழுக்க ஓடிக் களைத்த பிறகு ஒவ்வொரு மாலையும் கடைசியாக ஒரு செங்குத்து ஏற்றம்.

இரண்டாம் நாள் சான் ஜிமிஞ்ஞானோவுக்குக் கீழே நின்று இவர் வெடித்துவிட்டார். "கீழை இவ்வளவு காணி சும்மா கிடக்கு. மேலை போய் ஏன் வீடு கட்டினவங்கள்?"

"எதிரி வாறது தூரத்திலையே தெரியட்டும் எண்டுதான்."

இவர் மேலே இருந்த மதிலை அண்ணாந்து பார்த்தார். ஊரில் ஷெல் குண்டு வரும் திசையைக் காதால் பார்த்த ஆட்கள் நாங்கள். பிறகு இவர், "சரி, அப்ப ஏறத்தான் வேணும்" என்று சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார். நானும் அன்று மோட்டரை நிறுத்திவிட்டு இறங்கி இவரோடு நடந்தேன். மதில் வாசலுக்குள் நுழையும்போது கல் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. கோபுரத்தைச் சுற்றிக் குருவிகள் கீச்சிட்டுப் பறந்தன. இவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு இரண்டு ஐஸ்கிறீம் வாங்கி வந்தார். தன்னுடையதை நான்கு வாயில் முடித்துவிட்டு என்னுடையதைப் பார்த்தார்.

மூன்றாம் நாள்தான் எங்கள் கலியாண நாள். வொல்தெர்ரா பக்கமாகப் போகிற மலைப்பாதை. நான் முதல் நாளிலிருந்து நாலாம் எண்ணிலேயே ஓடியவள். போதாததற்கு முந்தின இரவு பற்றரியைச் சரியாக மின்சாரத்தில் மாட்டி ஏற்றவும் இல்லை. பகல் ஒன்றரை மணிக்கு, ஏற்றத்தின் நட்டநடுவில், முதுகில் தள்ளிய கை போய்விட்டது. திரையில் ஒன்றுமில்லை. மோட்டர் வேலை செய்யாத மின்சார சைக்கிள் செத்த மாடு மாதிரிப் பாரம்.

இவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தில் காட்டவில்லை. "நான் உம்மடையைத் தள்ளுறன். நீர் என்ரையைப் பிடியும்" என்றார். கால் மணித்தியாலம் தள்ளியிருப்பார், சேட் முழுக்க நனைந்துவிட்டது. சந்தோஷமும் போய்விட்டது.

அப்போது பின்னால் கடகடவென்று சத்தம். சின்ன மூன்று சக்கர லொறி ஒன்று. பின்பெட்டியில் தக்காளி நாற்றுகள். ஓட்டி வந்தவர் எழுபது வயதுக்காரர், வைக்கோல் தொப்பி. நிறுத்தி இறங்கி, என் சைக்கிளைப் பார்த்து, பற்றரியைத் தட்டி, தலையை ஆட்டினார். மேலே இருந்த ஊரைக் கையால் காட்டினார். பின்பெட்டியைக் காட்டினார். பிறகு தன் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு இருக்கையை எனக்குக் காட்டினார்.

"நீர் ஏறிப் போம்" என்றார் இவர்.

"இண்டைக்கோ? உங்களை நடுறோட்டிலை விட்டிட்டோ? சைக்கிள் போகட்டும். நான் வரேல்லை."

மூன்று பேருமாகச் சைக்கிளைத் தூக்கி நாற்றுகளுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தோம். அவர் இத்தாலி பாஷையில் நிறையச் சொன்னார். எங்களுக்கு விளங்கியது, அங்கே கோப்பிக் கடைக்குச் சொல்லும் 'பார்' என்கிற ஒரு சொல்தான். லொறி புகைவிட்டுக்கொண்டு வளைவில் மறைந்தது.

இவர் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆளின்ரை பேரும் தெரியாது. ஊரின்ரை பேரும் தெரியாது. சைக்கிளைக் குடுத்துப்போட்டு நிக்கிறம்."

"நல்ல மனுசன் மாதிரி இருந்தார்."

"தொப்பியைத்தானே பாத்தனீர்?"

ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஒரு மணித்தியாலம் நடந்தோம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு மணித்தியாலம் நாங்கள் சேர்ந்தாற்போல் கதைத்ததில்லை. ஒருவருக்குக் காலை வேலை என்றால் மற்றவருக்குப் பின்னேர வேலை. அந்த ஏற்றத்தில் என்னவெல்லாமோ கதைத்தோம். மகள் படித்து முடித்தால் ரண்டர்ஸுக்குத் திரும்பி வருவாளா, வராவிட்டால் நாங்கள் ஓல்போர்க்குக்குப் போவதா. என்னை முதலில் படத்தில் பார்த்தபோது இவருக்கு என்ன தோன்றியது. "முறைச்சுக்கொண்டு நிண்டனீர். பயமாக் கிடந்தது" என்றார். இருபத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியாத செய்தி.

ஏற்றம் முடிந்து மலையின் முதுகுக்கு வந்தோம். அங்கிருந்து ஊர் வாசல் வரை ஒரு கிலோமீற்றர் சமதரை. இவர் சைக்கிளில் ஏறிக் காலை ஊன்றிக்கொண்டு, "ஏறும்" என்றார்.

"எங்கை?"

"கரியரிலைதான். வேறை எங்கை?"

"விழுந்தால்?"

"நான் யாழ்ப்பாணத்திலை மூண்டு பேரை ஏத்தினவன்."

பக்கவாட்டாக ஏறி இவரின் இடுப்பைப் பிடித்தேன். சைக்கிள் ஒருமுறை அங்குமிங்கும் ஆடியது. பிறகு நேராகிவிட்டது. பஞ்சுக் காற்சட்டையின் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பக்கம் ஒலிவ் மரங்கள் வெள்ளி மாதிரிப் பளபளத்தன, மறுபக்கம் பள்ளத்தாக்கு. காற்று முகத்தில் அடித்தது. இவர் மணியை அடித்தார், தேவையே இல்லாமல், திரும்பத் திரும்ப. அப்படியே கல் வாசலுக்குள் புகுந்து சதுக்கத்தில் போய் நின்றோம். கிணற்றுக் கட்டில் இருந்த நான்கைந்து பேர் எழும்பிக் கைதட்டினார்கள். தொப்பிக்காரர் அவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லிவைத்திருக்க வேண்டும். அவரும் அங்கேதான் வைன் குடித்துக்கொண்டிருந்தார். என் சைக்கிள் சாப்பாட்டுக் கடையின் சுவரில் சாய்ந்திருந்தது. பற்றரியைக் கழற்றி உள்ளே மின்சாரத்தில் போட்டும் இருந்தார்கள்.

இவர் போய் அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடையில் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாங்கள் பிஸ்கட்டாவது தின்னலாம் என்று வாசலில் கதைத்துக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டிலிருந்து ஏப்ரனோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். எங்கள் நிறம், எங்கள் வயது.

"நீங்க தமிழா? சிலோன் தமிழ்?"

"ஓம்" என்றேன்.

"நான் நீர்கொழும்பு. சிங்களம். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும்."

இவரின் முகம் இறுகியதை நான் கண்டேன். இவர் எதற்காக ஊரைவிட்டு வந்தார், தம்பியை எப்படிப் பறிகொடுத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சிங்களவர் ஒருவரோடு இவர் ஒரே மேசையில் சாப்பிட்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சமையல்காரரும் அதைக் கண்டிருப்பார். கையை ஏப்ரனில் துடைத்தார். பிறகு, "கிச்சன் மூடியாச்சி. நம்ம சாப்பாடு மட்டும்தான் இருக்கு. சோறு, பருப்பு. சாப்பிடுவீங்களா?" என்றார்.

மூன்று நாள் பாணும் பாஸ்ராவும் தின்ற வயிறு எனக்குப் பதிலாகத் தலையாட்டியது.

சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு, உலர்ந்த தேங்காய்த்தூளில் இடித்த சம்பல். கொண்டுவந்து வைத்துவிட்டு அவரும் தன் சாப்பாட்டுக் கோப்பையோடு எதிரில் இருந்தார். நாங்கள் கையால் சாப்பிட்டோம். என்ன விசேஷம், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இன்று கலியாண நாள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். தனக்கும் கலியாணமாகி இருபது வருஷம், மனைவியும் பிள்ளைகளும் ஊரில், கலியாண நாளன்று தான் வீட்டில் நின்று ஆறு வருஷமாகிறது என்றார்.

அதுவரை சோற்றையே பார்த்துச் சாப்பிட்ட இவர் நிமிர்ந்தார். "எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு. பொண்ணுக்கு இப்ப பதினாறு."

"ஆறு வருஷமோ" என்றார் இவர். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு தன் தோள்பையைத் திறந்து, வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நாங்கள் வீட்டில் வறுத்து அரைத்தது. அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துக் கண்ணை மூடினார்.

"வச்சிருங்கோ" என்றார் இவர். "எங்களுக்கு வீட்டிலை கிடக்கு."

அன்று மாலை விடுதிக்குப் போனதும், தனக்கும் ஒரு மின்சார சைக்கிள் அனுப்பச் சொல்லிக் கேட்கும்படி இவர் என்னிடம் சொன்னார். "உம்மடை பற்றரி திரும்ப நிண்டால், இழுக்க ஒரு ஆள் வேணுமெல்லே?" என்று ஒரு காரணமும் சொன்னார். காலையில் அது வான் வண்டியில் வந்து இறங்கியது. முதல் ஏற்றத்தில் என்னைக் கடந்து போகும்போது இவர் எழுப்பிய சத்தத்தை நான் இங்கே எழுத முடியாது. ஐம்பத்தாறு வயது மனிதர் போடுகிற சத்தமில்லை அது. அதற்குப் பிறகு மூன்று நாள் நாங்கள் ஏறாத மேடில்லை. ஊரைக் கண்டால் பாதையை விட்டு விலகி ஏறுவோம், கோப்பி குடிப்போம், இறங்குவோம். இறக்கத்தில் நான் பிறேக்கைப் பிடித்துக்கொண்டே கத்துவேன். ஒருநாள் மழை பிடித்து ஒரு தேவாலய வாசலில் ஒதுங்கினோம். அங்கே நின்ற ஜெர்மன்காரச் சோடிக்கு இவர் பற்றரியைச் சிக்கனமாகப் பாவிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்.

கடைசி நாள் லூக்காவுக்கு வந்து சேர்ந்தோம். அது சமதரை நகரம். சுற்றிவர அகலமான பழைய மதில். அதன் மேல் இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் சைக்கிள் ஓடும் பாதை. நகரத்தை முழுதாக ஒருமுறை சுற்றி வரலாம். ஆறு மணிக்குத்தான் சைக்கிள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மோட்டரை நிறுத்திவிட்டு மெதுவாக ஓடினோம். ஏற்றமில்லை, இறக்கமில்லை, எதிர்காற்றும் இல்லை. கீழே வீட்டு முற்றங்களில் உடுப்புக் காய்ந்தது. யாரோ பியானோ பழகினார்கள். பாதை இரண்டு பேருக்குப் போதுமான அகலம், அதனால் பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம்.

ஒரு சுற்று முடிந்தது. இவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு" என்றார்.

மூன்று சுற்று ஓடினோம். சைக்கிளைக் கொடுக்கப் பத்து நிமிஷம் பிந்திப் போனோம்.